கரும்பலகையின் வலது ஓரம்

ஜூலை 8, திங்கள்

இந்த டைரி என் கணவருக்குப் புத்தாண்டுக்கு யாரோ கொடுத்தது. மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிறவருக்கு டைரி எதற்கு? ஆறு மாதமாக டிவி பெட்டிக்கு அடியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தார்.

"பரிமளா, பள்ளிக்கூடத்துக் கதைய இதுல எழுதீரு. எனக்குக் காது கொஞ்சம் மிச்சமாகும்" என்றார்.

சரி, மிச்சமாகட்டும்.

செங்கோடம்பாளையம் தொடக்கப்பள்ளி, சோமனூரிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் தங்கராசு சாருக்கு ஒன்றும் இரண்டும். எனக்கு மூன்று, நான்கு, ஐந்து, மூன்றும் ஒரே ஹாலில். சுற்றிலும் விசைத்தறிச் சத்தம். அதற்கு மேலே குரலை ஏற்றிக் கத்தித்தான் பாடம். சார் பாதி நாள் கூட்டம், மீதி நாள் கைப்பேசியில் ஏதாவது பதிவேற்றம்.

இந்த லட்சணத்தில் நான் பிழைத்துக் கிடப்பது நான்காம் வகுப்பு மதுநிலாவால். நான் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும் முன்னே அவள் விடையோடு உட்கார்ந்திருப்பாள். எங்கள் பள்ளியில் மாதத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்தான் லீடர். அதனால் போன வருடத்திலிருந்து மாறாமல் அவளே லீடர். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவாள், நோட்டுத் திருத்துவாள், நான் ஐந்தாம் வகுப்போடு இருக்கும்போது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையின் வலது ஓரத்தில் எழுதுவாள். "பேசியவர்கள்" என்ற தலைப்பைச் சாரே மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். அழித்தாலும் போகாது.

எனக்கு மூன்றாவது கை அவள். இன்னும் நான்கு மதுநிலா இருந்தால் நான் வீட்டிலேயே இருக்கலாம்.

ஜூலை 11, வியாழன்

பயிற்சி. சீக்கிரம் கற்கும் குழந்தைகளுக்கான வகுப்பறைச் செயல்பாடுகள் என்று தலைப்பு. டீ நன்றாக இருந்தது.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "முடிச்ச பிள்ளைக்கு இன்னும் பத்துக் கணக்குக் குடுக்கறது செயல்பாடு இல்லைங்க. அது தண்டனை" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று வகுப்பை ஒரே ஹாலில் ஒரு நாள் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

ஜூலை 12, வெள்ளி

போனதற்கு ஒன்றாவது செய்தேன் என்று இருக்கட்டுமே என்று பயிற்சியில் சொன்ன ஒரு செயல்பாடு. விடையை நான் சொல்வேன், கேள்வியைப் பிள்ளைகள் உண்டாக்க வேண்டும். "விடை ஒன்று. கேள்வி என்ன?"

ஐந்திலிருந்து நான்கைக் கழி என்று மூன்றாம் வகுப்பு முழுக்க ஒரே மாதிரி எழுதியது, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர். நான்காம் வகுப்பு மோனீஷ் நூற்றை நூறால் வகு என்றான். உழைக்கிற பையன். மதுநிலா பெரிய கணக்காக எழுதுவாள் என்று கடைசியாக வாங்கினேன். "மதியம் நான் சாப்பிடும் வரிசையில் எத்தனை தட்டு?" என்று எழுதியிருக்கிறாள்.

கணக்குக் கேட்டால் கதை எழுதுகிறது. டிக் போடவில்லை.

ஜூலை 18, வியாழன்

மதுநிலாவின் நேர்மையைப் பாராட்டி வழிபாட்டில் பேசினேன். நேற்று நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தியபோது அவள் பலகையில் எழுதிய முதல் பெயர் நேத்ரா. நேத்ரா அவளுடைய பக்கத்து வீடு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சும்மா இருக்கிற வாய் இல்லை அது. அவள் பெயரையே மறைக்காமல் எழுதினாள் பாருங்கள் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். மதுநிலா தலையைத் தூக்கவே இல்லை, கூச்சம்.

நேத்ராவைக் குழாயடியில் நிறுத்தினேன். அந்தக் குழாயடி ஒரே சேறு. அதைச் சரிபண்ண வேண்டும் என்று சாரிடம் சொல்ல மறந்துகொண்டே இருக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

கழித்தலில் மதுநிலா தப்புப் போட்டாள். கடன் வாங்க மறந்துவிட்டாளாம். யானைக்கும் அடி சறுக்குமோ என்று கேலி பண்ணினேன்.

மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்கு அரைக்க வேண்டும்.

ஜூலை 31, புதன்

மாதத் தேர்வில் மோனீஷ் முதல், மதுநிலா இரண்டு. ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. என்னால் நம்ப முடியவில்லை. விதிப்படி மோனீஷ் லீடர். அவன் சாக்பீசை வாங்கின வாங்கலைப் பார்த்தால் கலெக்டர் பொறுப்பு ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. மதியத்துக்குள் பாதி வகுப்பின் பெயர் பலகையில் ஏறிவிட்டது. அதில் மதுநிலா என்றும் இருக்கிறது. அதற்குக் கீழே நேத்ரா.

வாயைத் திறக்காத பிள்ளை. படிப்பும் கெட்டு நடத்தையும் கெட்டால் நான் என்ன செய்வது?

ஆகஸ்ட் 2, வெள்ளி

கண்ணாக இருக்குமோ என்று சந்தேகம். மதுநிலாவை ஹாலின் இந்தக் கோடியில் நிறுத்தி எதிர்ச்சுவர் காலண்டரைப் படிக்கச் சொன்னேன். தேதி, ராகுகாலம், எமகண்டம், சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம், காலண்டர் கொடுத்த மளிகைக்கடையின் போன் நம்பர் வரை படித்தாள். கண் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அவள் அம்மா ருக்மணியை வரச் சொல்லியிருந்தேன். தறி ஓட்டுகிறவர், தலைமுடியில் பஞ்சோடு அப்படியே வந்தார். வீட்டில் ஏதாவது சண்டை சச்சரவா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர். சொல்லப்போனா இப்பத்தான் புள்ள நல்லா இருக்கறா. முன்னெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்துக்குவா. இப்பச் சோறும் நல்லா உங்கறா, பக்கத்தூட்டுப் புள்ளயோட ஆட்டமும் பாட்டமுமா இருக்கறா."

படிப்பு குறைகிறதே என்றேன்.

"கொறையுதுங்களா? ஊட்டுல எம்பட கூலிக் கணக்கெல்லாம் அவதானுங்க வாயிலயே போட்டுச் சொல்றா. சரியாத்தான் வருது."

சோறு நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

செய்தி. ஒன்றிய அளவில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கப் போகிறார்கள். அறிவியல், கணக்கு, புதிர் எல்லாம் உண்டு, பொருட்கள் உண்டு, வேன் வந்து கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடும். ஒரு பள்ளிக்கு ஒரு பிள்ளை. மாத முடிவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை ஒரு பரீட்சை வெச்சுரலாம். மொத மார்க் யாரோ அவங்க பேரு. நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லப்படாது பாருங்க" என்றார் தங்கராசு சார்.

அந்த இடம் மதுநிலாவுக்கென்றே செய்தது. அவள் மாதிரிப் பிள்ளைக்கு என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது? இதை அவள் தவறவிட்டால் என்னால் தாங்க முடியாது. அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சரிங்க டீச்சர் என்றாள், நகத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றைக்குத்தான் அந்தப் பரீட்சை.

சார் கேள்வித்தாள் போட்டார், நான் மேற்பார்வை. மதுநிலா வழக்கம்போல் சீக்கிரமே முடித்துவிட்டாள். ஆனால் தாளைக் கொடுக்கவில்லை. முன் பெஞ்சில் மோனீஷ் எழுதிக்கொண்டிருந்தான். இவள் கழுத்தை நீட்டி அவன் தாளைப் பார்க்கிறாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. பார்த்துவிட்டு ரப்பரை எடுத்து அவசர அவசரமாக அழிக்கிறாள்.

"மதுநிலா, எந்திரி. காப்பியடிக்கறயா?"

அவள் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். தாளைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு அனுப்பினேன். அங்கே ஏற்கெனவே நேத்ரா, தாளைச் சீக்கிரமே கொடுத்துவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தாள், காலையில் மோனீஷ் எழுதின பெயர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு பேரும் சேற்றைக் குச்சியால் கிளறிக்கொண்டு ஏதோ பேசுகிறார்கள். தண்டனையாகவே தெரியவில்லை அவர்களுக்கு. ஸ்கூட்டரில் வரும்போது எனக்குத்தான் கண் கலங்கியது. எந்தப் பிள்ளையை நினைத்துப் பெருமைப்பட்டேனோ அந்தப் பிள்ளை.

சாயங்காலம் திருத்தினேன். மோனீஷ் இருபதுக்குப் பதினேழு. மதுநிலா பதினாறு. என் வீட்டுக்காரர் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்து எழுதுனாங்கற?"

"கண்ணால பாத்தனுங்க."

"அப்ப அவனுக்குச் சமமா வந்திருக்கோணும். இல்லீன்னா ஒண்ணு கூட. ஒண்ணு கொறையறதுக்கு எதுக்கு இன்னொருத்தனப் பாக்கோணும்?"

அவர் பாட்டுக்குக் கறிவேப்பிலையைக் கழுவப் போய்விட்டார். நான் தாளை மறுபடி எடுத்தேன். ஐந்தாம் வகுப்புக்கே திணறுகிற வகுத்தல் கணக்கு சரி. முந்நூறில் பாதி எவ்வளவு என்பதற்கு இருநூறு என்று எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, புதன்

கொடியேற்றத்துக்கு மைதானம் பெருக்கும் சாக்கில் மதுநிலாவைத் தனியாகக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். கோபமாகக் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

"முந்நூறுல பாதி எவ்வளவு கண்ணு?"

"நூத்தம்பதுங்க டீச்சர்."

"அப்பறம் எதுக்கு எரநூறுன்னு எழுதுன?"

தண்ணீரைத் திறந்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைக் கழுவினாள்.

"மோனீஷ் தாள எதுக்குப் பாத்த?"

"அவன் எத்தன தப்பு உட்டிருக்கான்னு பாத்தனுங்க. கடைசிக் கணக்குல தப்பு உட்டுட்டான். நா சரியாப் போட்டிருந்தா நாந்தான் மொதல்ல வந்திருப்பனுங்க."

"வந்தா என்ன?"

"மொத மார்க் வாங்குனா லீடர் ஆவோணுங்க. லீடர் ஆனாப் பேர் எழுதோணும்." குழாயை மூடினாள். "பேர் எழுதுனா யாருமே எங்கூட வெளையாட வர்றதில்லீங்க டீச்சர். நேத்ராவும் பேசறதில்ல. மோனீஷ் லீடர் ஆனப்பறம்தான் பேசறா."

போய்ப் பெருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் சாப்பாட்டு வரிசையைப் பார்த்தேன். மதுநிலா, நேத்ரா, இன்னும் மூன்று பிள்ளைகள், ஒருத்தர் தட்டிலிருந்து ஒருத்தருக்கு முட்டை போகிறது. ஜூலையில் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். லீடர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன். விடை ஒன்றுக்கு எத்தனை தட்டு என்று கேள்வி எழுதினாளே, அது சரியான கேள்விதான்.

எனக்கு மூன்று வகுப்பு. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதை யாரும் நினைப்பதில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சாரிடம் சொன்னேன். லீடர் இனிமேல் கிடையாது, பெயர் எழுதுவதும் கிடையாது. தேர்வை மறுபடி வைக்க வேண்டும்.

"வேணும்னே கொறச்சு எழுதுனாளா?" சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பத்து மார்க் கூடப் போடுங்கன்னு கேட்டவங்களத்தான் தெரியும். சரி, மறு பரீட்சை வெச்சுக்கலாம், முப்பதாந்தேதி. நானே உக்காருவேன். ஆனா டீச்சர், மறுபடியும் கொறச்சு எழுதுனா மோனீஷ் பேருதான் போகும். அப்பறம் எங்கிட்டப் பேசப்படாது."

நியாயம்தான். மோனீஷும் பிள்ளைதான்.

லீடர் இல்லாத முதல் நாள் எப்படி இருந்தது என்று எழுதத் தெம்பில்லை. ஒரே சந்தை இரைச்சல்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மதுநிலாவுக்கு இனி நோட்டுத் திருத்தும் வேலையும் இல்லை. முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சியில் கொடுத்ததைத் தேடி எடுத்தேன். எண் புதிர் ஒன்று கொடுத்தேன், வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் விடை. இன்னொன்று, அதுவும் அப்படியே. விடை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி சாக்பீசைக் கையில் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் இருக்கிறது கண்ணில். லீடர் இல்லை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. முப்பதாம் தேதி இந்தப் பயத்தோடுதான் எழுதப் போகிறாள் என்றால் நான் என்ன செய்தும் பிரயோசனமில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மழை. குழாயடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வழுக்கி விழுந்து சீருடையெல்லாம் சேறு. இன்றைக்குச் சாரை விடவில்லை.

கழிப்பறை கட்டின கான்ட்ராக்டர் மிச்சச் செங்கல்லைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பரப்பலாமே என்றேன். சாருக்கு அந்தக் கல் என்றாலே பதற்றம்.

"அவன் வந்து கேட்டா முழுசா எடுத்துக் குடுக்கோணும். பரப்பிக்குங்க, சிமெண்ட் வேண்டாம். ஆனா ஒரு கல்லு ஒடையப்படாது."

குழாயடி நல்ல சதுரம், சுற்றிலும் சிமெண்டுத் திட்டு. ஒரு மூலையில் குழாய்க் கம்பம், அதற்கு நேர் குறுக்கே எதிர்மூலையில் தண்ணீர் போகிற ஓட்டை. இரண்டும் ஆளுக்கு அரைக் கல் இடம். பிள்ளைகளையே அளக்கச் சொன்னேன். பக்கத்துக்கு எட்டு அரைக் கல் என்றார்கள். அப்படியென்றால் மொத்தம் அறுபத்து நான்கு அரைக் கல், குழாய்க்கும் ஓட்டைக்கும் இரண்டு போக அறுபத்திரண்டு. முப்பத்தொரு செங்கல் போதும் என்று மதுநிலா சொல்லிவிட்டாள். அரை மணி வேலை என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

முடியவில்லை. எப்படி அடுக்கினாலும் கடைசிக் கல் மிச்சம் நிற்கிறது, இங்கே ஒரு அரைக் குழி, அங்கே ஒரு அரைக் குழி. மோனீஷ் ஓரத்திலிருந்து ஆரம்பித்தான், நேத்ரா நடுவிலிருந்து. ஐந்தாம் வகுப்பு முழுக்க முயற்சி செய்தது. நானும் செய்தேன், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு.

மதுநிலா மூன்று தடவை அடுக்கினாள். மூன்று தடவையும் வரவில்லை. அவள் முகம் சிவந்துபோனதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"எப்படிங்க டீச்சர்?" என்றாள்.

"எனக்கும் தெரியல கண்ணு" என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை.

என்னை அவள் பார்த்த பார்வை. டீச்சருக்குத் தெரியாத கணக்கு ஒன்று இருக்கிறது என்று இன்றுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இப்போது இது பள்ளிக்கூடம் இல்லை, செங்கல் சூளை. இடைவேளை மணி அடித்தால் எல்லாரும் குழாயடிக்கு. கல் நகத்தில் விழுந்து ஒருவன் அழுதான். தரையில் கட்டம் போட்டு, தீப்பெட்டி அட்டையைக் கல் மாதிரி வெட்டிக் கொடுத்தேன், உள்ளேயே உட்கார்ந்து முயலட்டும் என்று. அவரவர் குழுவாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு விதி மட்டும் வைத்தோம். கண்டுபிடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது, மூக்கைத் தொட்டால் போதும், மற்றவர்களும் யோசிக்கட்டும். இதுவரை ஒரு மூக்கும் தொடப்படவில்லை.

மதுநிலாவும் நேத்ராவும் ஒரு கட்டத்தின் முன்னால். நேத்ரா வாய் ஓயாமல் பேசுகிறாள். மதுநிலாவும் திரும்பச் சண்டை போடுகிறாள். ஹாலில் சத்தம் தாங்கவில்லை, தறியே பரவாயில்லை. நான் தடுக்கவில்லை.

தங்கராசு சார் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தனியாகக் குழாயடியில் குத்த வைத்து உட்கார்ந்து கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்ததும் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, "கல்லு சரியா இருக்கான்னு எண்ணுனனுங்க" என்றார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மதுநிலா அட்டையை வீசிவிட்டு அழுதாள். "எனக்கு வர்லீங்க டீச்சர், எனக்கு இது வர்லீங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக வராத ஒன்று. பயந்துபோய்ச் சுலபமான ஒன்றைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நேத்ரா, "எனக்கு ஒண்ணாப்புல இருந்து ஒண்ணுமே வர்றதில்ல, நா அழுவறனா? நகரு" என்று அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 28, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நேத்ராவுக்குச் சலித்துவிட்டது. அடுக்குவதை விட்டுவிட்டுத் தரையில் போட்ட கட்டத்துக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்தாள். செங்கல் பொடியால் ஒரு கட்டம் சிவப்பு, சாக்பீசால் அடுத்த கட்டம் வெள்ளை, மாற்றி மாற்றி.

"கணக்குப் போடாம என்ன புள்ள பண்ற?" என்று மதுநிலா அதட்டினாள்.

"எங்கப்பன் லுங்கி மாதிரி இருக்குதல்ல? நல்லா இருக்குது பாரு."

மதுநிலா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு அட்டையை எடுத்து வைத்தாள், எடுத்தாள், வேறு இடத்தில் வைத்தாள். பிறகு எழுந்து நின்று இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"கண்டுபுடிச்சுட்டயா? அடுக்கிக் காட்டு" என்றான் மோனீஷ்.

அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. மதியம்வரை எல்லாருக்கும் நேரம் கொடுத்துவிட்டு, அப்புறம் சொல்லச் சொன்னேன். நேத்ராவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அடுக்கவே முடியாதுங்க டீச்சர். யாராலயும் முடியாது. ஒரு கல்ல எங்க வெச்சாலும் ஒரு செவப்பு, ஒரு வெள்ள, ரெண்டயும் மூடும். கொழாய் நிக்கறது வெள்ள. ஓட்ட இருக்கறதும் வெள்ள. அப்ப வெள்ள ரெண்டு கொறஞ்சு போச்சு. செவப்பு ரெண்டு எப்பவும் மிச்சம் நிக்கும்."

நான் குனிந்து எண்ணினேன். வெள்ளை முப்பது, சிவப்பு முப்பத்திரண்டு. இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன், இது எனக்குத் தோன்றவில்லை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சார் உள்ளே வந்தார். கட்டத்தைச் சுற்றி நடந்தார். "அப்ப முடியாதா?" என்றார்.

"ஒரு கல்ல ஒடச்சா முடியுமுங்க சார்" என்றாள் நேத்ரா. "பாதிக்குப் பாதி. மிச்சம் நிக்கற ரெண்டு செவப்புக்கும் செரியாப் போயிரும்."

சார் பீரோவிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு அவரே குழாயடிக்குப் போனார். முதல் கல் மூன்று துண்டாகப் போனது. யாரும் சிரிக்கவில்லை, ஆனால் நேத்ரா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது கல் சரி பாதியாக உடைந்தது. முப்பது முழுக் கல், இரண்டு அரைக் கல். குழாயடி நிறைந்தது.

"கான்ட்ராக்டர் கேட்டா?" என்றேன்.

"கணக்கப் போட்டுக் காட்டறேன்" என்றார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மதுநிலா தானாக வந்து மேசையோரம் நின்றாள்.

"டீச்சர், சனிக்கெழம வகுப்புல லீடர் உண்டுங்களா?"

"இல்ல கண்ணு. நான் போன்ல கேட்டுட்டேன்." நிஜமாகவே கேட்டேன். எதிர்முனையில் ஜூலையில் பயிற்சி கொடுத்த அந்தப் பெண்தான். சிரித்தாள், ஆனால் நல்ல சிரிப்பு.

"இங்க?"

"இங்கயும் இல்ல. நாளைக்கு நீ எத்தன மார்க் வாங்குனாலும் இல்ல."

யோசித்தாள். "அங்க இந்த மாதிரி வராத கணக்கெல்லாம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கன்னுதான் சொல்றாங்க."

"சரிங்க" என்று ஓடிவிட்டாள். எதற்குச் சரி என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சார் உட்கார்ந்தார். என்னை ஹாலுக்குள் விடவில்லை. சத்துணவுக் கூடத்தில் பருப்பு வேகிற வரை நின்றேன், முட்டை உரித்தேன், உரித்ததையே மறுபடி கழுவினேன்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது உண்மை. மதுநிலா குனிந்த தலை நிமிரவில்லை. முன் பெஞ்சு பக்கம் திரும்பவே இல்லை. எழுதினாள், எழுந்தாள், முதல் ஆளாகத் தாளைச் சார் மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

சார் அங்கேயே திருத்தினார். என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். ஒரு தப்பு இல்லை. அழித்த தடம்கூட இல்லை.

மோனீஷுக்கு முகம் வாடிப்போனது. அவனை என் பக்கத்தில் உட்கார வைத்து, நீ பதினெட்டு, போன தடவையைவிட ஒன்று கூட என்றேன். சமாதானம் ஆகவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

வேன் சரியாக எட்டரைக்கு வந்தது. மதுநிலா, ருக்மணி, வழியனுப்ப வந்த நேத்ரா, எந்த வேலையும் இல்லாத நான். வேன் கிளம்பும்போது நேத்ரா, "என்ன குடுத்தாலும் எனக்கும் கொண்டுட்டு வாடி" என்று கத்தினாள். தின்பண்டத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கொண்டுவந்திருந்தாள். ஒன்பது புள்ளி, மூன்று மூன்றாக. கையை எடுக்காமல் நான்கே நேர்கோட்டில் ஒன்பதையும் தொட வேண்டும். அங்கே யாருக்கும் வரவில்லையாம். அடுத்த வாரம்வரை நேரம்.

கணக்கு நேரத்தில் ஹால் முழுக்கப் புள்ளிகள். மோனீஷ் கோபத்தை மறந்து மதுநிலா பெஞ்சுக்கே போய்விட்டான், நேத்ரா தரையில் படுத்துக்கொண்டு வரைகிறாள். ஐந்து கோடு வருகிறது, நான்கு வரவில்லை. இந்தப் புதிர் எனக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலேயே தெரியும். தெரிந்த ஒன்று வந்ததே என்ற சந்தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் கோட்ட அந்தப் புள்ளியிலயே நிறுத்தறீங்க? தாண்டிக் கொண்டு போங்க, அப்ப..."

எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் நன்றி இல்லை.

மதுநிலா எழுந்தாள். யாரும் சொல்லாமல் மேசைக்கு வந்து சாக்பீசை எடுத்தாள். கரும்பலகையின் வலது ஓரத்துக்குப் போனாள். மஞ்சள் பெயிண்டில் "பேசியவர்கள்" அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு மாதமாக ஒன்றும் இல்லை. எட்டாததால் கால் விரலில் ஊன்றி, அவளுடைய உருண்டையான கையெழுத்தில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்: பரிமளா டீச்சர்.

நேத்ரா சிரித்தாள். மோனீஷ் சிரித்தான். எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நடுவில் சாக்பீசோடு நின்றுகொண்டு மதுநிலாவும் சிரித்தாள், இந்தப் பள்ளியில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"இப்ப நான் என்ன பண்ணோணும்?" என்றேன்.

"கொழாயடியில போயி நில்லுங்க டீச்சர்" என்றாள்.

போய் நின்றேன். கல் ஒன்றுகூட ஆடவில்லை.